உறைபனியில் துளசிமணி பார்த்தது

நல்லா சாஞ்சு உக்காருங்க. பையக் கீழ வெச்சுக்குங்க, ஒண்ணும் ஆவாது. அன்னூர் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். கோபியில ஏறுனப்பவே கண்டக்டர்கிட்டச் சொன்னேன், வயசானவங்கப்பா, ரெண்டு சீட்டு ஒண்ணாக் குடுன்னு. அவன் எங்க கேக்கறான். பொம்பளைங்க முன்னாடி போங்க, ஆம்பளைங்க பின்னாடி வாங்கன்னு பிரிச்சு உட்டுட்டான். இப்பப் பாருங்க, உங்க வீட்டம்மாவும் எங்க வீட்டம்மாவும் அங்க ஒரே சீட்டு. நீங்களும் நானும் இங்க ஒரே சீட்டு. நீங்க சத்தியில ஏறி பத்து நிமிசம் ஆவல, அதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் பொறந்தவங்க கணக்கா ஆயிட்டாங்க.

அந்தப் பச்சைச் சேலைதாங்க எங்க வீட்டம்மா. துளசிமணின்னு பேரு. சன்னலோரம் உக்காந்திருக்கா பாருங்க. அவளுக்கு சன்னலோரம் ஒத்துக்காதுங்க. காத்துப் பட்டா தல வலிக்கும். நான் எப்பவும் உள்பக்கமாத்தான் உக்கார வெப்பேன். இன்னைக்கு என்னமோ தலைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பொழுதோட தலவலி வரும். வந்தா முன்னயெல்லாம் சொல்லுவா. இப்ப ஒரு வருசமா அதெல்லாம் சொல்றதில்லைங்க.

சண்டையான்னு கேக்கறீங்களா? சண்டை எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. சண்டைன்னாத்தான் பரவாயில்லையே. சோறு நேரத்துக்கு வருது. மாத்திரை நேரத்துக்கு வருது. துணி மடிச்சு வெச்சிருக்குது. இன்னைக்குக்கூட கோயமுத்தூர்ல பேத்திக்குக் காது குத்து, ஒண்ணாத்தான் கெளம்பி வந்தோம். கேட்டதுக்குப் பதில் சொல்றா. அதோட சரி.

அங்க பாத்தீங்களா, கையத் தூக்கறா. உங்க வீட்டம்மா வாயில கைய வெக்கறாங்க பாருங்க. அதத்தான் சொல்றா. எனக்குத் தெரியும். அதச் சொல்லும்போது மட்டுந்தான் அவ கை அப்படிப் போவும். ஆனா இந்த டிரைவரு ஆரன அடிச்சுக்கிட்டே வர்றான், ஒரு வார்த்தை காதுல உழுவுதா பாருங்க.

எங்க வீட்டம்மா எதச் சொல்றான்னு கேக்கறீங்களா? அதானுங்க எனக்கும் தெரியோணும்.

நான் ஈ.பி.யில லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவனுங்க. நாச்சிமுத்துன்னு பேரு. சர்க்கரை வந்துருச்சு, நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. எங்க ஊரு ஸ்கூல் கிரவுண்டுல காலையில நடக்கறவங்க எல்லாஞ் சேந்து ஒரு சங்கம் வெச்சிருக்கறோம். சங்கத்துக்குச் செயலாளர் அப்புக்குட்டி வாத்தியார். முப்பது வருசம் டிரில் மாஸ்டரா இருந்தவரு. ரிட்டயர் ஆயும் கழுத்துல விசில் தொங்குது. அந்த மனுசன் போன மார்கழியில திடீர்னு சொல்றாரு, எல்லாரும் ஊட்டிக்குப் போலாம், உறைபனி பாக்கலாம், காட்டு மிருகம் பாக்கலாம், ரெண்டு நாளு, குடும்பத்தோடன்னு.

எனக்கு இஷ்டமே இல்லைங்க. வீட்ல ரெண்டு போர்வை போத்திக்கிட்டுப் படுக்கற காலத்துல, குளிரத் தேடி மலைக்குப் போவாங்களா? ஆனா இவ கேட்டா. "ஏனுங்க, நாம ஒருக்காப் போயிட்டு வரலாமுங்களா"ன்னா. முப்பத்தஞ்சு வருசத்துல அவளா ஒரு எடத்துக்குப் போலாம்னு கேட்டது அதான் மொதோ தடவை. சரின்னு பேரு குடுத்தேன். பாருங்க, நல்லது பண்ணப் போயித்தான் எல்லாம்.

ஒரு வேன். பதினெட்டுப் பேரு. வாத்தியாரு என்ன பண்ணாருன்னா, ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துட்டாரு. வண்டி எங்க நின்னாலும், கெளம்பறதுக்கு முன்னாடி விசில் ஊதுவாரு. ஒண்ணுல இருந்து பதினெட்டு வரைக்கும் அவங்கவங்க நம்பரச் சத்தமாச் சொல்லோணும். பதினெட்டும் வந்தாத்தான் வண்டி நகரும். ஸ்கூல் பசங்களக் கூட்டிட்டுப் போற பழக்கம், அத எங்ககிட்டயும் கொண்டாந்துட்டாரு. நான் பதினொண்ணு. இவ பன்னெண்டு.

புளியம்பட்டியில, இப்பப் போறமே இதே வழிதான், டீக்கு நிறுத்துனோம். கெளம்பும்போது விசிலு. பத்துன்னாங்க. நான் பதினொண்ணுன்னேன். இவ பன்னெண்டுன்னா. அவ குரல்தான் உங்களுக்குத் தெரியாதே, பூனை நடக்கற மாதிரி இருக்கும். வாத்தியாரு "கேக்கலம்மா"ங்கறாரு. மறுக்கா சொன்னா. "இன்னும் சத்தமா"ங்கறாரு. பின்னாடி எல்லாரும் சிரிக்கறாங்க. இவ மூஞ்சி செவந்து போச்சு. எனக்குச் சங்கடமாப் போச்சுங்க. நானே "பன்னெண்டு"ன்னு கத்துனேன். வண்டி கெளம்பிருச்சு. அதுக்கப்புறம் எங்க நின்னாலும் நானே சேத்துச் சொல்லிருவேன், "பதினொண்ணு, பன்னெண்டு"ன்னு ஒரே மூச்சுல. அவளுக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான். வேற எந்த எண்ணத்துல சொல்லுவேன்?

இல்லீங்க, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. இருங்க, நான் முழுசாச் சொல்லிர்றேன்.

மொத நாளு கோத்தகிரி தாண்டி ஒரு தேயிலைத் தோட்டம். வளைவுல எறங்கி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தோம். தேயிலைக்குள்ள ஏதோ கறுப்பாப் பாறை மாதிரி தெரிஞ்சுது. பாறை தலையத் தூக்குச்சு. காட்டெருமைங்க. அத்தாச்சோடு பெருசு. கொம்பு ரெண்டும் அப்படி வளைஞ்சு நிக்குது, முழங்காலுக்குக் கீழ மட்டும் வெள்ளையா, சாக்ஸ் போட்ட மாதிரி. வாத்தியாரு என்ன பண்ணிருக்கோணும்? சும்மா நின்னிருக்கோணும். அவரு விசில ஊதிப்போட்டாரு. கூட்டம் கலையக்கூடாதுன்னு ஊதுனாராம். அது மூக்குல இருந்து புஸ்ஸுன்னு ஒரு சத்தம் உட்டுச்சு பாருங்க, அம்புட்டுதான். மங்கி குல்லாயும் சால்வையுமா ஒருத்தர் மேல ஒருத்தர் உழுந்து ஓடுனாங்க.

நான் வெசையா வேனுக்குப் போனேன். ஓடலீங்க. கதவத் தொறக்கோணும்ல? தொறந்தாத்தான மத்தவங்க ஏற முடியும்? ஏறி, உள்ள நகந்து உக்காந்து எடம் பண்ணிக் குடுத்தேன். அத இன்னைக்கு வரைக்கும் கிரவுண்டுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. செய்யறது ஒண்ணு, வர்ற பேரு ஒண்ணு.

கண்ணாடி வழியாப் பாத்தா, இவ மட்டும் ரோட்டோரத்துலயே நிக்கறா. அசையல. அதுவும் அசையல. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்குதுங்க. சித்த நேரங் கழிச்சு அது திரும்பி, செடிய ஒதுக்கிக்கிட்டு மெதுவா எறங்கிப் போயிருச்சு. இவ நடந்து வந்து வண்டியில ஏறுனா. நான் நல்லாத் திட்டிப்போட்டேன். பயத்துல காலு ஓடலீன்னா கத்தியாவது இருக்கோணுமில்ல. அன்னைக்கு ரூமுக்குப் போனப்புறம் சொன்னா, "எனக்குப் பயமே வரலீங்க. அதோட கண்ணு ரெண்டும் நெம்ப சாந்தமா இருந்துச்சுங்க. நான் கும்புட்டுக்கிட்டேன், அதும்..."ன்னு ஆரம்பிச்சா. எனக்கு நல்ல குளிரு. பல்லு தந்தியடிக்குது. "சரி சரி, பேசாமப் படு"ன்னுட்டேன். படுத்துட்டா.

அதுக்கடுத்த நாள்தான் உறைபனி. விடியறதுக்கு முன்னாடியே கெளப்பிட்டாரு வாத்தியாரு. ஊட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு அணைக்கட்டு இருக்குது, அதுக்கு மேல புல்லுக்காடு. போய்ச் சேரும்போது வெளுக்குது. பாத்தமுங்க. புல்லெல்லாம் வெள்ளை. உப்புக் கொட்டி வெச்ச மாதிரி. கால வெச்சா நொறுக்கு நொறுக்குனு சத்தம். தண்ணி மேல ஆவி எந்திரிச்சுப் போவுது. எல்லாரும் சின்னப் பசங்களாட்டம் ஆயிட்டாங்க. நாகரத்தினம்னு ஒருத்தரு, அறுபத்தெட்டு வயசு, அரிசி மண்டிக்காரரு, பனியச் சொரண்டி வாயில போட்டுப் பாக்கறாரு. எனக்கு மட்டும் காதுக்குள்ள குத்துது. எப்படா வண்டியில ஏறுவோம்னு இருக்குது.

அந்த நேரத்துல இவ வந்து, "ஏனுங்க, சித்தெ அக்கட்டாலப் போயிட்டு வந்தர்றேன்"னா. ஒதுங்கோணும்னு அர்த்தம். நான் "ம்"னேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் போனா. பொம்பளைங்க எல்லாம் அதே மாதிரித்தான் ரெண்டு ரெண்டு பேராப் போயிட்டு வந்தாங்க, இவ யாரையும் கூப்புடல. அவ சுபாவம் அது. அவ போன் என் பாக்கெட்டுல. தொலைச்சுருவான்னு நான்தான் வாங்கி வெச்சிருந்தேன்.

அஞ்சு நிமிசங்கூட ஆயிருக்காது. அந்தப் பக்கத்து பாரஸ்ட் வாட்சரு, மாதன்னு பேரு, கம்பளியப் போத்திக்கிட்டு வேகமா வர்றாரு. "யானை எறங்குதுங்க. குட்டியோட இருக்குது. இந்த ரோட்டத்தான் தாண்டும். வண்டிய எடுத்துருங்க"ன்னாரு. வாத்தியாரு விசிலு. எல்லாரும் தடதடன்னு ஏறியாச்சு. வேன்லயும் இதே கதைதாங்க, பொம்பளைங்க முன்னாடி, ஆம்பளைங்க பின்னாடி. எல்லாத் தலையிலயும் குல்லாயி, சால்வை. எது யாரு தலைன்னு ஆருக்குத் தெரியும்? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வருது. பத்து வந்துச்சு. நான் "பதினொண்ணு, பன்னெண்டு"ன்னேன்.

பதினெட்டு ஆச்சு. வண்டி கெளம்பிருச்சு.

நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன இருக்குது? நம்பர் குடுத்தது வாத்தியாரு. சிரிச்சது மத்தவங்க. உக்காரப் பிரிச்சு வெச்சது அவரு. வாயில பழகிப்போனது தானா வந்துருச்சு. காலையில பல்லு வெளக்கும்போது பிரஸ்ஸ எடுத்தோமான்னு யோசிச்சா எடுக்கறோம்?

பத்துப் பன்னெண்டு கிலோமீட்டரு கீழ வந்து ஒரு கூட்ரோட்டுல டீக்கடை. எறங்குனோம். எனக்கு ஒண்ணு சர்க்கரை இல்லாம, அவளுக்கு ஒண்ணு சர்க்கரை போட்டு, ரெண்டு டீ வாங்குனேன். ரெண்டு கையிலயும் டம்ளரு. திரும்பிப் பாக்கறேன். பொம்பளைங்க நிக்கறாங்க. ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்கறேன். இல்ல. வேனுக்குள்ள பாக்கறேன். இல்ல. நாகரத்தினம் சம்சாரம் கேக்கறாங்க, "அண்ணா, அக்கா எங்கீங்க?"ன்னு. கையில டீ சுடுது, கீழ வெக்கத் தோணல. அப்படியே நிக்கறேன்.

அந்த நேரம் எனக்கு என்ன ஆச்சுன்னு வாயால சொல்ல முடியாதுங்க. யானை எறங்குதுன்னு சொன்ன எடத்துல, அந்தக் குளிருல, ஒத்தைப் பொம்பளை. போன்கூட இல்ல. வாத்தியாரு என்னையப் பாத்து, எல்லாரு முன்னாடியும், "பன்னெண்டுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க"ன்னாரு. டிரைவரு வண்டியத் திருப்பினான். மேல ஏறிப் போனா, பாதி வழியில ரோட்டுலயே யானை. மூணு பெருசு, ஒரு குட்டி. அதுங்க தாண்டற வரைக்கும் எஞ்சின நிறுத்திப்போட்டு உக்காந்திருந்தோம். இருபது நிமிசம். இவ இல்லாமப் போனா நான் என்ன பண்ணுவேன்னு நெனச்சேன். எனக்கு எந்த மாத்திரை காலையில, எது ராத்திரின்னுகூடத் தெரியாதுங்க. வெளிய சொல்ல என்ன வெக்கம், அழுதுட்டேன். மங்கி குல்லாய மூஞ்சி வரைக்கும் எறக்கி உட்டுக்கிட்டு அழுதேன். அவளுக்கு இது தெரியாது.

நான் அழுதத அவகிட்டச் சொல்லலியாங்கறீங்களா? அதெல்லாம் எப்படீங்க சொல்றது.

மேல போனோம். வழியில வாட்சரையும் ஏத்திக்கிட்டோம். மொத்தமா ஒண்ணரை மணி நேரம் ஆயிருக்கும் அவள உட்டுட்டுப் போயி. வெயிலு லேசா வந்திருந்துச்சு. மேட்டு மேல ஒரு கல்லு, அதுல உக்காந்திருந்தா. நான் கத்திக்கிட்டே ஓடுனேன். அப்ப ஓடுனேன், அது நெசம். அவ திரும்பிப் பாத்தா.

அழுதிருப்பான்னு நெனச்சேன். திட்டுவான்னு நெனச்சேன். ரெண்டும் இல்லைங்க. அந்த மூஞ்சிய நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. கல்யாணத்தன்னைக்கும் பாத்ததில்ல, புள்ள பொறந்தப்பவும் பாத்ததில்ல. நெறஞ்சு போயி உக்காந்திருக்கா. குளிருல ஒதடு நீலமாயிருக்குது, ஆனா சிரிக்கற மாதிரி இருக்குது. அவளுக்கு அஞ்சாறு அடி தள்ளி, புல்லுல பனி இல்ல. சுத்தியும் வெள்ளை, அந்த எடம் மட்டும் பச்சையா, நல்ல அகலத்துக்கு. ஏதோ படுத்து எந்திரிச்சுப் போன மாதிரி.

எல்லாரும் வந்து சுத்திக்கிட்டாங்க. "அக்கா, என்னாச்சு? அக்கா, ஏதாச்சும் வந்துச்சா? என்ன பாத்தீங்க?"ன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. பதினேழு பேரும் அவ வாயவே பாக்கறாங்க. இவ என்னையப் பாத்தா. வாயத் தொறந்து, "வந்துச்சுங்க..."ன்னா.

இவ இப்ப என்னத்தையாவது சொன்னா, ஊருக்குப் போயி என்னையத்தான வெச்சுப் பேசுவாங்க? பொண்டாட்டியப் புலிக்கிட்ட உட்டுட்டு வந்தவன்னு. அவளுக்கும் அது கேவலந்தான? நான் முந்திக்கிட்டேன். "என்னத்த வந்திருக்கும், நேத்துப் பாத்த காட்டெருமைதான் வந்திருக்கும். பயந்து போயிருக்கா. கண்ணாடிகூடப் போடல, ஒண்ணும் பாத்திருக்க மாட்டா. உடுங்க, உடுங்க, வண்டியில ஏறுங்க"ன்னு சொல்லிப்போட்டேன்.

அவ வாய மூடிக்கிட்டா. என்னைய ஒரு பார்வை பாத்தா. கோவப் பார்வையில்லீங்க. கோவம்னா எனக்குத் தெரியும்.

ஆனா அந்த வாட்சரு மாதன் இருக்காரே, அவரு மட்டும் அந்தப் பச்சையா இருந்த எடத்துல குனிஞ்சு பாத்தாரு. தொட்டுப் பாத்தாரு. எந்திரிச்சு வந்து, எல்லாரையும் உட்டுட்டு, இவகிட்டப் போயி மெல்லமா, "எத்தன தாயி?"ன்னாரு. இவ வெரலக் காட்டுனா. நான் அவ முதுகுப் பக்கம் நின்னேன், எத்தன வெரலுன்னு தெரியல. மாதன் ரெண்டு கையவும் சேத்துக் கும்புட்டுட்டு, "நீங்க நல்லா இருப்பீங்க தாயி. நான் இருபது வருசமா இங்க இருக்கறேன், எனக்குக் குடுத்து வெக்கல"ன்னாரு. நான் என்னப்பான்னு கேட்டேன். "அம்மாவக் கேளுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

அம்மாவக் கேக்கறேன் கேக்கறேன், ஒரு வருசமாக் கேக்கறேன்.

ஊருக்கு வந்த அன்னைக்கே கேட்டேன். "அதான் காட்டெருமைன்னீங்களே"ன்னா. சரி, கோவம், ரெண்டு நாள்ல சரியாயிரும்னு உட்டேன். பத்து நாளு கழிச்சு செல்போன்ல படமாத் தேடி எடுத்துக் காட்டுனேன். இதா, இதாடீன்னு. புலி காட்டுனேன், கரடி காட்டுனேன், செந்நாய் காட்டுனேன், கடமான் காட்டுனேன். ஒவ்வொண்ணுக்கும் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன், எதுலயாச்சும் மாறுதான்னு. "சாப்புடுங்க, ஆறுது"ன்னா. மகளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அம்மா எங்கிட்டச் சொன்னாங்கப்பா. ஆனா நீங்க அவங்ககிட்டயே கேட்டுக்குங்க"ன்னுட்டா. பால் ஊத்தற பொண்ணுக்குத் தெரியும். எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரியும். நாகரத்தினம் சம்சாரத்துக்குத் தெரியும், அந்தம்மா என்னையப் பாத்தா ஒரு மாதிரி பாவமாப் பாக்குது. எங்க தெருவுல அது தெரியாத ஆளு நான் ஒருத்தன்தான்.

ஒரு நாளு மனசு கேக்காம, காப்பி குடிச்சுக்கிட்டே பதனமாக் கேட்டேன். "துளசி, நெசமாலுமே அன்னைக்கு என்ன பாத்தே? நான் உட்டுட்டுப் போனது தப்புதான், மன்னிச்சுக்க"ன்னேன். மன்னிப்பே கேட்டுட்டேன் பாருங்க. அவ டம்ளர எடுத்துக்கிட்டே சொல்றா, "நீங்க உட்டுட்டுப் போனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. உட்டுட்டுப் போவலீன்னா நான் அதப் பாத்திருக்க மாட்டேன்"னா. அப்புறம் என்னடீன்னேன். "ஒண்ணும் பாத்திருக்க மாட்டான்னு நீங்கதான் சொல்லிப்போட்டீங்களே. அது அப்படியே இருந்துட்டுப் போவுதுங்க"ன்னுட்டு, உள்ள போயிட்டா.

இதுக்கு என்னங்க அர்த்தம்? உட்டுட்டுப் போனது குத்தமில்லையாம். அவ மானத்தக் காப்பாத்த ஒரு வார்த்தை சொன்னது குத்தமாம். நீங்க படிச்சவரா இருக்கறீங்க, உங்களுக்காவது புரியுதுங்களா? இருங்க, இருங்க, இன்னும் ஒண்ணு சொல்லோணும்.

இப்பத்தான், போன வாரம். மறுபடியும் மார்கழி வரப்போவுதுல்ல. வாத்தியாரு வீட்டுக்குப் போன் பண்றாரு. இந்த வருசமும் போறமுங்க, வர்றீங்களான்னு. எனக்கு முட்டி வலி. அதுவுமில்லாம பட்டது போதாதா? "இல்லீங்க வாத்தியாரே, நாங்க வரலீங்க"ன்னேன். சமையக்கட்டுல இருந்து இவ வந்தா. கைய முந்தானையில தொடச்சுக்கிட்டே வந்து, என் கையில இருந்து போன வாங்குனா. புடுங்கலீங்க, வாங்குனா. "வாத்தியாருங்களா? நான் துளசிமணி பேசறனுங்க. நான் வர்றேன். ஒரு ஆளு மட்டும் எழுதிக்குங்க"ன்னா. அந்தப் பக்கம் வாத்தியாரு என்னமோ கேட்டாரு. "இல்லீங்க, நானே சொல்லிக்குவேன். கேக்கற மாதிரி சொல்லுவேன்"னா. போன எங்கிட்டக் குடுத்துட்டு, அடுப்புல என்னமோ தீயுதுன்னு போயிட்டா.

அப்புறம் வீடு எப்படி இருந்துச்சுன்னா, நான் டி.வி.யப் போட்டு உக்காந்திருந்தேன், சத்தம் வெக்கல. நான் ஒண்ணும் தடுக்கலீங்க. சுவெட்டரு பழசாயிருச்சு, புதுசு ஒண்ணு எடுத்துத் தர்றேன்னேன். "மககிட்டச் சொல்லி எடுத்துக்கிட்டேன்"னா. எனக்கு இந்த அறுபத்தஞ்சு வயசுல ஒரு நாளும் இப்படி அலுப்பா இருந்ததில்லீங்க. போஸ்ட்டு ஏறி எறங்குன காலத்துலகூட இருந்ததில்ல.

தப்பா நெனச்சுக்காதீங்க, யாருகிட்டயும் இதெல்லாம் நான் சொல்றதில்ல. கிரவுண்டுல சொன்னா சிரிப்பாங்க. நீங்க முன்னப்பின்ன தெரியாதவரு, அதனாலதான். பாருங்க, அன்னூர் பாலம் வந்துருச்சு. உங்க வீட்டம்மா எந்திரிக்கறாங்க. அடடா, கண்ணத் தொடைக்கறாங்க. அழுவறாங்களா, சிரிக்கறாங்களா? உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டாங்க பாருங்க. முழுசாச் சொல்லி முடிச்சுட்டா. ஒரு மணி நேரத்துல, பேரு ஊரு தெரியாத ஒரு பொம்பளைக்கு முழுசாச் சொல்லி முடிச்சுட்டா.

இருங்க, பைய நான் எடுத்துத் தர்றேன். ஒரு உதவி பண்ணுவீங்களா? நீங்க வீட்டுக்குப் போவீங்க. கால் கழுவி உக்காருவீங்க. உங்க வீட்டம்மா உங்ககிட்டச் சொல்லுவாங்க, இப்படி ஒரு அம்மாவப் பாத்தேன், இப்படி ஒண்ணு சொன்னாங்கன்னு. சொல்லுவாங்கல்ல? உங்ககிட்டச் சொல்லுவாங்க. உங்களப் பாத்தாலே தெரியுது. இவ்வளவு நேரம் நான் பேசுனேன், நீங்க ஒரு வார்த்தை குறுக்க பேசல.

இந்தாங்க, இந்த டிக்கெட்டுக்குப் பின்னாடி என் நம்பர எழுதியிருக்கறேன். ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்ல, கூப்புடுங்க. இப்பன்னு இல்ல, நாளைக்கு, நாளன்னிக்கு, எப்ப வேணாலும் கூப்புடுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும். அவங்க சொல்லும்போது நடுவுல ஒண்ணும் கேக்காதீங்க. முழுசாச் சொல்லட்டும். அப்புறம் எங்கிட்டச் சொல்றப்ப நீங்களா எதையும் சேக்காதீங்க, எதையும் உட்டுறாதீங்க. அவ எப்படிச் சொன்னாளோ, அப்படியே சொல்லுங்க.